பெர்னிஸை வெட்டக் கூடாது

லின்டன் நர்சிங் ஹோம்,
ஜூலை 9

டேய் டெல்மர்,

கவரைக் கிழிச்சு வீசாம பிரிச்சுட்டியே, அதுவே பெரிய விஷயம். நாலு வருஷமா நீ என்கூடப் பேசல, நானும் உன்கூடப் பேசல. இப்பவும் பேசறேன்னு நினைச்சுக்காத. இது டவுன் ஆபீஸ் விஷயம்.

நான் இடுப்பெலும்பு உடைஞ்சு இங்க கிடக்கிறது ஊருக்கே தெரியும். சர்ச்சில ஜெபத்துக்குப் பேரெல்லாம் வாசிச்சாங்களாம். கூடப்பிறந்த தம்பி நீதான் எட்டிப் பார்க்கல. சரி, போ. "அக்கா அந்தக் காட்டுக்குள்ள தடுக்கி விழுந்துட்டா"ன்னு நீ சொல்லிட்டுத் திரியறதா கேள்விப்பட்டேன். சுத்தப் பொய். நான் விழுந்தது பின்வாசல் படியில. என் தோட்டத்துல நான் கண்ணை மூடிக்கிட்டு நடப்பேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நான் இல்லாத நேரம் பார்த்து கிப் என் வீட்டுக்குப் போயிருக்கான். அதான்டா, தண்ணி மீட்டர் பார்க்கிறவன், நாய் பிடிக்கிறவன். இப்ப எல்ம் ஃபோர்க் ஊருக்குக் களை இன்ஸ்பெக்டரும் அவன்தானாம். நான் ஒவ்வொரு செடிக்கும், பழைய ஜன்னல் பிளைண்டுல இருக்கிற பிளாஸ்டிக் பட்டையை வெட்டி, அழகா பேர் எழுதிக் குத்தி வச்சிருக்கேன் இல்ல? அதைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சிருக்கான். பால்களை, இரும்புக்களை, தும்மல்களை, ஜோ பை களை, செடிங்க பேரே அப்படித்தான், எல்லாம் களைன்னு முடியும். கீழே ஒரு வரி: "இவை களைகள் என்று உரிமையாளரே தம் கைப்பட எழுதி ஒப்புக்கொண்டுள்ளார்."

அடப்பாவி! பேர்ல களைன்னு இருந்தா களையா? உன்னை ஸ்கூல்ல புல்டோசர்னு கூப்பிட்டாங்க, அதுக்காக வாயில டீசலா ஊத்தினாங்க? நீ போற்றிப் புகழற கென்டக்கி புல்லு, பேர்லதான் கென்டக்கி, வந்தது ஐரோப்பாவிலேர்ந்து. நம்ம கொள்ளுத்தாத்தா நார்வேயில கப்பல் ஏறுறதுக்கு எவ்வளவோ முன்னாடியே என் செடிங்க இந்த அயோவா மண்ணுல நின்னுட்டிருந்துச்சு. வந்தவங்க நாமதான்.

பத்து அங்குலத்துக்கு மேல களை வளர்ந்தா டவுனே ஆள் வச்சு வெட்டிடும்னு சட்டம். என் முன்வாசல் முழுக்க வெட்ட ஆகஸ்ட் 15 தேதி குறிச்சாச்சு. காண்ட்ராக்டர் யாருப்பான்னு கிப்புக்கு போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் இருமினான். அப்புறம் உன் பேரைச் சொன்னான்.

வெட்டாத டெல்மர். அவ்வளவுதான் கேட்கிறேன். போன்ல சொல்லலாம்னா, காலமெல்லாம் புல் வெட்டற மெஷின் மேல உட்கார்ந்து உனக்குக் காது போயாச்சு. அதான் லெட்டர்.

ஆர்லிஸ்


எல்ம் ஃபோர்க்,
ஜூலை 13

அக்கா,

நீ திருந்தவே மாட்ட. உதவி கேட்டு எழுதற லெட்டர்ல முக்கால்வாசி திட்டு. ஸ்கூல் பஸ் ஓட்டின காலத்துல பிள்ளைங்களை அதட்டின மாதிரியே அதட்டற.

இடுப்பு எப்படி இருக்கு? சும்மாதான் கேட்டேன்.

எட்டிப் பார்க்கலன்னு சொல்லாத. ஆபரேஷன் அன்னிக்கு நான் வந்தேன். கீழ பார்க்கிங்ல வண்டியிலயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ரிசப்ஷன்ல போய்க் கேட்டேன், நல்லா இருக்காங்கன்னு சொன்னாங்க, கிளம்பிட்டேன். மேல வந்தா நீ என்ன சொல்லுவியோன்னு இருந்துச்சு.

நீ கேட்டுட்ட, நானும் கேட்டுடறேன். வெண்டல் மாமா உன்னைத் தனியா விட்டுட்டு இறந்த வருஷம் நீ சாப்பிடாம, வெளிய வராம, ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்த. எனக்கு ஆறுதலா பேசத் தெரியாது. தெரிஞ்சது ஒண்ணுதான். டிரக் நிறைய, வேரோட பாய் மாதிரி சுருட்டின புல்தரை கொண்டுவந்து, முட்டி தேய்ஞ்சு போற அளவுக்கு உன் வாசல் முழுக்க விரிச்சேன். இந்த ஊர்லயே அப்படி ஒரு புல்தரை கிடையாது. அடுத்த வசந்தத்துல வந்து பார்த்தா, பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியெல்லாம் பிரிச்சு அது மேல போர்த்தி, பாரத்துக்குச் செங்கல் வச்சிருந்த. மூச்சு முட்ட வச்சுக் கொன்ன. ஏன்னு கேட்டேன். "பிடிக்கல"ன்னு ஒத்த வார்த்தை சொன்ன. மறுபடி நான் ஏன் உன் வாசல் ஏறணும்?

இந்த டவுன் காண்ட்ராக்ட்ல கல்லறைத் தோட்டம், பேஸ்பால் மைதானம், நூலகம் எல்லாம் இருக்கு. உன் வாசலை வெட்ட மாட்டேன்னா மொத்தமும் போயிடும். அதனால வெட்டுவேன்னு சொல்லல. வெட்ட மாட்டேன்னும் சொல்லல. யோசிக்கிறேன்.

டெல்மர்


லின்டன்,
ஜூலை 16

பார்க்கிங்லயா உட்கார்ந்திருந்த, மடையா? அந்த வெயில்லயா? லிப்ட் இருக்குடா அந்தக் கட்டடத்துல!

யோசி, நல்லா யோசி. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை போய்ப் பாரு. ரோட்டுல டிரக்கை நிறுத்திட்டு மூக்கைச் சுளிக்கிறியே, அப்படி இல்ல. உள்ள போ. போறதே போற, தும்மல்களைக்கு ரெண்டு வாளித் தண்ணி ஊத்து. அது தாகம் தாங்காது. மத்ததெல்லாம் தானே பார்த்துக்கும்.

பேருக்குப் பயப்படாத. அதனால யாருக்கும் தும்மல் வராது.

ஆர்லிஸ்


எல்ம் ஃபோர்க்,
ஜூலை 23

அக்கா,

போனேன்.

தண்ணி ஊத்திட்டு உடனே வந்துடணும்னுதான் போனேன். கேட்டைத் தாண்டினதும் செடியெல்லாம் என் தலைக்கு மேல நிக்குது. முதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஏதோ இரையற சத்தம் கேட்டுச்சு. மெஷின் ஓடாதப்பவும் என் காதுல ஒரு சத்தம் இருந்துட்டே இருக்கும், அதுன்னு நினைச்சேன். இல்ல. தேனீங்க. பால்களை முழுக்க மொய்க்குது. ஊர்க்காரங்க கத்தினாலே கேட்காத எனக்கு அது கேட்டுச்சு.

அப்புறம் குனிஞ்சு காலடியைப் பார்த்தேன். புல்லு. என் புல்லு. நான் விரிச்ச புல்லு எனக்குத் தெரியாதா? செடிங்களுக்கு நடுவுல போற பாதையெல்லாம் அதான், ஓரம் கத்தரிச்ச மாதிரி நேரா, வழுக்கை திட்டு ஒண்ணுகூட இல்லாம. ஷெட்டுல எட்டிப் பார்த்தா கையால தள்ற மெஷின் இருக்கு, பிளேடு சாணை பிடிச்சு எண்ணெய் போட்டு வச்சிருக்க. நீயா இதையெல்லாம் தள்ளின, இந்த வயசுல? பாதிப் புல்லை வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அந்தப் பாதையிலயே உட்கார்ந்துட்டேன். முட்டி வலிச்சப்புறம்தான் எழுந்தேன்.

நான் வெட்ட மாட்டேன். மேயர் ராண்டல்கிட்ட நேர்லயே சொல்லிட்டேன். அவன் கோபப்படல. "நீ இல்லன்னா பக்கத்து ஊர்லேர்ந்து ஆள் வருவான் டெல்மர், சட்டம் சட்டம்தான்"னான். பதிமூணாம் தேதி கவுன்சில் கூட்டத்துல வேணும்னா வந்து பேசுன்னான். நான் என்னத்தைப் பேசறது? கல்யாண வீட்டுல கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும்.

அதனால கையால ஆன வேலையைப் பண்ணேன். உன் பேர்ப்பலகை அத்தனையும் பிடுங்கி வாளியில போட்டுட்டேன். பேர் இல்லன்னா களைன்னு எதை வச்சுச் சொல்லுவான் கிப்? கூடவே வேலியோரம் ஆளுயர முள்ளுச்செடி ஒண்ணு நின்னுச்சு. அதையும் வேரோட பிடுங்கி எறிஞ்சேன். நன்றியெல்லாம் வேண்டாம்.

டெல்மர்


லின்டன்,
ஜூலை 27

ஐயோ! ஐயோ! பிடுங்கிட்டியா?

டேய், அது நல்ல முள்ளுடா! நம்ம ஊர் முள்ளு! கோதுமை வயல்ல பரவற கெட்ட முள்ளு வேற, இது வேற. தங்கக்குருவி அந்தப் பூவு காய்ஞ்சு வர்ற பஞ்சுக்காகக் காத்துக்கிட்டிருந்துட்டு அதுக்கப்புறம்தான் கூடே கட்டும். நல்ல முள்ளுன்னா இலைக்கு அடியில வெள்ளையா இருக்கும், பார்த்தியா? எங்க பார்க்கப் போற? முள்ளைக் கண்டா உன் கை சும்மா இருக்காதே. நான் போட்ட சத்தத்துல நர்ஸ் ஓடி வந்து ரத்தக்கொதிப்பு பார்த்துட்டுப் போனா.

பலகையைப் பிடுங்கினது அதைவிட மோசம். பலகை இருந்தாத்தான்டா அது தோட்டம். இல்லன்னா எவளோ போட்டது போட்டபடி விட்டுட்டுப் போன இடம். பார்க்கிறவனுக்கு, இதை ஒருத்தி ஆசைப்பட்டு நட்டிருக்கான்னு தெரியணும். இப்ப கிப்புக்கு வேலை இன்னும் சுலபமாப் போச்சு.

திட்டி முடிச்சாச்சு. இப்ப நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். இதை அப்பவே சொல்லியிருக்கணும், வாய் வரல.

வெண்டலைப் புதைச்ச அன்னிக்கு, தோண்டின மண்ணு கண்ணுல படக் கூடாதுன்னு குழியைச் சுத்தி ஒரு பச்சைக் கம்பளம் விரிச்சிருந்தாங்க, ஞாபகம் இருக்கா? நான் பூரா நேரமும் அதைத்தான் பார்த்துட்டு நின்னேன். அடுத்த மாசம் நீ புல்லு விரிச்ச. காலையில ஜன்னல் திரையை இழுத்தா அதே பச்சை, அதே மட்டம், அசைவே இல்லாம. உன் கைவேலையில குத்தம் இல்லடா. அது அவ்வளவு சுத்தமா இருந்ததுதான் எனக்குத் தாங்கல. ஏதாவது ஒண்ணு அசையணும், பூக்கணும், காயணும், திரும்ப வரணும்னு இருந்துச்சு. முட்டி போட்டு விரிச்சவன்கிட்ட இதை எப்படிச் சொல்றது? "பிடிக்கல"ன்னு சொல்லிட்டேன்.

முழுசா மூடவும் மனசு வரல. அதான் பாதை.

இந்தத் தோட்டம் போச்சுன்னா, நான் திரும்பி நடந்து போறதுக்கு அந்த வீட்டுல ஒண்ணும் இல்ல டெல்மர். இங்க தினமும் கம்பியைப் பிடிச்சு நடக்க வைக்கிறாங்க. எதுக்காக நடக்கிறேன்னு உனக்குத் தெரியட்டும்.

ஆர்லிஸ்


எல்ம் ஃபோர்க்,
ஆகஸ்ட் 2

அக்கா,

லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். அந்தக் கம்பளம் எனக்கும் ஞாபகம் இருக்கு. உனக்கு அது அப்படித் தெரியும்னு எனக்குத் தோணவே இல்ல.

பலகையைத் திரும்ப வைக்கிறேன். ஆனா பழைய பேர் வேண்டாம். எதுவும் கேட்காத, நான் கேட்கறதுக்குப் பதில் சொல்லு. நீ இந்த ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் பஸ்ல ஏத்தி இறக்கினவ, எல்லா வீட்டு அம்மாவையும் வாசல்ல பார்த்தவ. மேயர் ராண்டலோட அம்மா பேரு பெர்னிஸா, பியாட்ரிஸா? கவுன்சில்ல இருக்காளே ஜோலீன், அவ அம்மா டிராக்டர் ஓட்டுவாங்களே, அவங்க பேரு என்ன? ஸ்கூல்ல நமக்கெல்லாம் சாப்பாடு போட்ட அம்மா பேரு? கிப்போட அம்மா பேரு டாட்டின்னு எனக்கே தெரியும். அவங்க சர்ச்சில தும்ம ஆரம்பிச்சா பாஸ்டரே பிரசங்கத்தை நிறுத்திட்டுக் காத்திருப்பாரே.

உன் வீட்டு ஜன்னல் பிளைண்ட் இன்னும் ஒண்ணை வெட்டிக்கிறேன். சமையலறையில இருக்கிறது.

டெல்மர்


லின்டன்,
ஆகஸ்ட் 5

சமையலறை பிளைண்ட் புதுசுடா! சரி, வெட்டித் தொலை.

நீ என்ன பண்ணப் போறேன்னு எனக்கு லேசாப் புரியுது. இடுப்பு வலிக்க வலிக்கச் சிரிச்சுட்டு இருக்கேன். பக்கத்துக் கட்டில்காரி எனக்கு மருந்து அதிகமாயிடுச்சுன்னு நினைக்கிறா.

மேயரோட அம்மா பெர்னிஸ். பியாட்ரிஸ் அவங்க சித்தி. ஸ்கூல் பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீம்லயே உயரம் அவங்கதான். எந்தக் கூட்டத்துலயும் அவங்க தலை மட்டும் மேல தெரியும். ஜோலீனோட அம்மா ஹில்மா. இரும்பு மாதிரி கை, பஸ் சேத்துல சிக்கினப்ப ஒரு தடவை அவங்கதான் இழுத்து விட்டாங்க. சாப்பாடு போட்டவங்க லூடெல்லா. எவ்வளவு பேர் வந்தாலும் தட்டு நிறைய வைப்பாங்க, இல்லன்னு ஒருத்தரையும் அனுப்ப மாட்டாங்க. மூணு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு.

எழுத்துப் பிழை விடாத. ஹில்மாவைத் தப்பா எழுதினா ஜோலீன் ஓட்டு போயிடும்.

ஆர்லிஸ்


எல்ம் ஃபோர்க்,
ஆகஸ்ட் 14

அக்கா!

ஜெயிச்சாச்சு! முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்ப. உன் தோட்டத்துல ஒரு இலைகூடப் போகல.

நேத்து கூட்டத்துல கடைசி அயிட்டம் உன் வாசல்தான். கிப் எழுந்து அந்த நோட்டீஸை வாசிச்சான். பால்களை, இரும்புக்களைன்னு ஒவ்வொண்ணா. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. எழுந்தேன். எழுதிட்டுப் போன பேப்பர் வேர்வையில ஊறிப் போச்சு. கடைசியில வந்தது இவ்வளவுதான்: "களைன்னா வெட்டறேன். எது களைன்னு வந்து கைகாட்டுங்க. மூணு தெரு தள்ளிதான் இருக்கு, இன்னும் வெளிச்சம் இருக்கு."

ராண்டல் கடிகாரத்தைப் பார்த்தான். அப்புறம் "சரி, நடங்க"ன்னுட்டான். மொத்தக் கவுன்சிலும் கிளம்பிச்சு. வாசல்ல உட்கார்ந்து சோளம் உரிச்சிட்டிருந்தவங்கல்லாம் என்ன கூத்துன்னு பின்னாடியே வந்துட்டாங்க. டாட்டி அம்மாவை நான் முன்னாடியே டிரக்ல கூட்டிட்டு வந்து, உன் தோட்டத்துல மடக்கு நாற்காலி போட்டு உட்கார வச்சிருந்தேன்.

கிப் நேரா பெரிய செடிகிட்டதான் போனான். "இதோ சார், ஏழு அடி. ஜோ பை களை"ன்னான். ராண்டல் குனிஞ்சு பலகையைப் படிச்சான். பெர்னிஸ். கீழே நான் சின்னதா எழுதியிருந்தேன்: "எந்தக் கூட்டத்திலும் தலை மேலே தெரியும்." அவன் தொப்பியைக் கழட்டிட்டான். செடியை அண்ணாந்து பார்த்தான். உச்சியில ரோஜா நிறத்துல பூவு, அதுல ரெண்டு பட்டாம்பூச்சி.

கிப்புக்கு நேரம் சரியில்ல. "சார், பேரை மாத்திட்டாங்க, ஆனா களைதான்"னான்.

"கிப்," ராண்டல் திரும்பாமலே சொன்னான், "எங்கம்மாவை இன்னொரு தடவை களைன்னு சொல்லிப் பாரு."

அக்கா, ரோட்டுல நின்னவங்க போட்ட சத்தம் எனக்கே கேட்டுச்சு!

ஜோலீன் அதுக்குள்ள இரும்புக்களைப் பக்கம் போயிட்டா. பாம்பு வரும், வெட்டித்தான் ஆகணும்னு பேசிட்டு இருந்தவ. "ஹில்மா: சேத்துல சிக்கினா இழுத்து விடுவார்"னு படிச்சுட்டு அந்தத் தண்டைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தா. அசையல. "அம்மாதான்"னு சொல்லிட்டு மூக்கைத் துடைச்சா. பால்களையில "லூடெல்லா: வந்தவர் எல்லாருக்கும் சாப்பாடு உண்டு"ன்னு இருந்துச்சு. கவுன்சில்ல முக்கால்வாசிப் பேர் அந்த அம்மா போட்ட சாப்பாட்டுல வளர்ந்தவங்க. இலையில உடம்பெல்லாம் வரியோட நாலஞ்சு பட்டாம்பூச்சிப் புழு மேஞ்சிட்டு இருந்துச்சு. ஒருத்தரும் முகம் சுளிக்கல. "இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்லு"ன்னு யாரோ கத்தினாங்க.

தும்மல்களைக்கிட்ட டாட்டி அம்மா கைத்தடியை ஊன்றிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பலகையில அவங்க பேரு. "உயிரோட இருக்கறப்பவே எனக்கு ஒரு பூவு! இது எவ்வளவு பேருக்குக் கிடைக்கும்?"னாங்க. அப்புறம் மகனைப் பார்த்தாங்க. "கிப், என்னை பத்து அங்குலத்துக்கு வெட்டப் போறியாமே? வெட்டு. ஞாயித்துக்கிழமை நீ சாப்பிட ருபார்ப் பை பலகாரம் யார் செஞ்சு குடுக்கறாங்கன்னு பார்க்கறேன்." சொல்லிட்டு ஒரு தும்மு தும்மினாங்க பாரு! அது செடியால இல்லன்னு நானே எல்லாருக்கும் சொல்ல வேண்டியதாப் போச்சு.

கிப் பாவம், நோட்டீஸை மடிச்சுப் பாக்கெட்ல வச்சுட்டான். "நான் சட்டத்துல இருக்கிறதைத்தானே செஞ்சேன்"னான். அதுவும் உண்மைதான். அதனால அங்கயே, உன் புல்பாதையில நின்னே சட்டத்தைத் திருத்தினாங்க. பேர் வச்சு நட்டு வளர்த்த செடி இந்த ஊர்ல களை ஆகாது. நடைபாதை ஓரம் மட்டும் ஒரு மெஷின் அகலத்துக்கு வெட்டிச் சுத்தமா வச்சிருக்கணும். கை தூக்கச் சொன்னாங்க. அத்தனை கையும் மேல போச்சு. ஓட்டே இல்லாத டாட்டி அம்மா ரெண்டு கையையும் தூக்கினாங்க.

நடைபாதை ஓரத்தை இன்னிக்குக் காலையிலேயே வெட்டிட்டேன். நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. காண்ட்ராக்டும் என்கிட்டேயே இருக்கு.

சீக்கிரம் நட அக்கா. தும்மல்களை பூத்துடுச்சு. தண்ணி நான் ஊத்தறேன்.

டெல்மர்


எல்ம் ஃபோர்க், என் வீடு,
செப்டம்பர் 21

தம்பி,

மூணு தெரு தள்ளி இருக்கிறவனுக்கு எதுக்கு லெட்டர்னு கேட்காத. நீ நேத்து என்னை டிரக்லேர்ந்து இறக்கி விட்டுட்டு, கண்ணைத் துடைக்கிறதை மறைக்க ஏதோ வேலை இருக்குன்னு ஓடிட்ட. சொல்ல வேண்டியதெல்லாம் அப்படியே நின்னு போச்சு.

இன்னிக்குக் காலையில வாக்கரைத் தள்ளிக்கிட்டு நானே தோட்டத்தைச் சுத்தி வந்தேன். ஒருத்தர் கையையும் பிடிக்கல. பெர்னிஸுக்குப் பூவு முடிஞ்சு பழுப்பாயிடுச்சு. அப்படியே நிக்கட்டும், அடுத்த வருஷம் வருவா. டாட்டி இன்னும் மஞ்சளா சிரிச்சுட்டிருக்கா. வேலியோரம் காலி இடத்துல நீ வச்ச பலகையையும் பார்த்தேன். "இங்கே ஒரு நல்ல முள் இருந்தது. பிடுங்கியவன் டெல்மர்." மன்னிச்சேன். விதை கேட்டு எழுதியிருக்கேன், வந்ததும் நீதான் நடணும்.

வாசல்ல ஆள் வந்துட்டே இருக்கு. எங்கம்மா பேர்ல ஒரு செடி இல்லையா, எங்க அத்தை பேர்ல இல்லையான்னு சண்டை. இடம் இல்ல, உங்க வாசல்லயே நடுங்க, விதை நான் தர்றேன்னு சொல்லிட்டேன். ராண்டல் தன் வீட்டு வாசல்ல அட்டை விரிச்சுச் செங்கல் வச்சிருக்கான். போய்ப் பாரு, கோபப்படாத.

மத்தியானம் உட்கார்ந்து நானும் ஒரு பலகை எழுதினேன். சமையலறை பிளைண்ட்ல மிஞ்சியிருந்த கடைசித் துண்டு. குனிஞ்சு குத்த முடியல, வாக்கர் காலால மிதிச்சு மிதிச்சு இறக்கினேன். கொஞ்சம் கோணலா நிக்குது. செடிங்க நடுவுல இல்ல, பாதையில, உன் புல்லுல.

அதுல இப்படி எழுதியிருக்கேன்:

"டெல்மர். பேசத் தெரியாது, ஆனால் விரித்தால் விரித்தபடி நிற்கும். பத்து அங்குலத்துக்கு மேல் விடக் கூடாது. சனிக்கிழமை காலை வந்து வெட்டவும்."

கை மெஷின் ஷெட்டுல இருக்கு. காபி போட்டு வைக்கிறேன்.

அக்கா